நாற்றிலேயே சோறு தெரியுமா?



"எஞ்ஜினியருக்கு அரிசியில் என்ன வேலை?" என்று மேடை ஏறும்போதே ஒருவர் கேட்டார். பொருள் உருவாவதற்கு முன்பே அதன் தரத்தைக் கணிக்கப் பார்ப்பது எங்கள் தொழில்தானே, சார்!

ஐ.ஆர். 8-ஐ இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்டது. விளைச்சல் அள்ளிக் கொடுத்தது. ஆனா சோறு ஆறினால் விறைத்துப் போகும். காரணம், மாவுச்சத்தில் அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல். 20-க்குக் கீழே போனால் சோறு குழைந்து ஒட்டும். அதே நிலையம் 1985-இல் தந்த ஐ.ஆர். 64 இரண்டுக்கும் நடு.

இதை அறிய முன்பெல்லாம் அறுவடை வரை காத்திருக்கணும். அரிசியை மாவாக்கி, காரத்தில் கரைத்து, அயோடின் விட்டு, எவ்வளவு நீலம் ஏறுகிறது என்று அளப்பார்கள். இப்போது நாற்றில் ஓர் இலைத் துணுக்கு போதும். ஆறாவது குரோமோசோமில் உள்ள 'வாக்ஸி' மரபணுதான் அமைலோஸ் உண்டாக்கும் நொதிக்குப் பொறுப்பு. அதற்குள் சி-டி என்ற இரண்டெழுத்து திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்று எண்ணுவதுதான் மார்க்கர். 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பசையரிசி அல்லாத 89 ரகங்களின் அமைலோஸ் வேறுபாட்டில் சுமார் 83 சதவீதத்தை இந்த எண்ணிக்கையே விளக்கிவிட்டது.

மாணவர்கள் இங்கேதான் கவனிக்கணும். 11 தடவை வந்தால் அமைலோஸ் அதிகம். 17, 18 வந்தால் குறைவு. 20 வந்தால் நடுத்தரம். ஏறுவரிசையும் இல்லை, இறங்குவரிசையும் இல்லை! ஏன்னா, எண்ணிக்கை வெறும் பெயர்ப்பலகை. அமைலோஸைக் குறைப்பது அதே மரபணுவில் இன்னோர் இடத்தில் ஜி என்ற எழுத்து டி ஆக மாறியது. அந்த ரகங்களில் பலகையும் வீடும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தன. வேறு வம்சத்து நெல்லிலும் அப்படியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தந்தது? சரிபார்க்காமல் நாற்றைப் பிடுங்கி எறிவது, முத்திரையில்லாத தராசில் வியாபாரம் செய்கிற மாதிரி. எறிந்தது நல்ல ரகமா என்று அப்புறம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜி-டி மாற்றத்தை நேராகவே சோதித்தாலும் கணக்கு முடியாது. அமைலோஸ் ஒரே அளவுள்ள இரண்டு ரகத்தில் ஒன்று ஆறினால் கெட்டியாகும், மற்றது மெத்தென்று இருக்கும். வேக எவ்வளவு சூடு வேண்டும் என்பது முக்கியமாக 'அல்க்' என்ற வேறு மரபணுவின் கையில். கதிர் பால் பிடிக்கும்போது இருக்கும் வெப்பமும் அமைலோஸை மாற்றும். அதனால், மார்க்கர் வைத்து ஆயிரம் நாற்றை ஐம்பதாகக் குறைக்கலாம். அந்த ஐம்பதையும் விளைய வைத்து, பொங்கி, ஆற வைத்து, வாயில் போட்டுத்தான் பார்க்கணும்.