பிஞ்சுப் பாதமும் உடல் எடையும்

கோகுலாஷ்டமியன்று வாசலிலிருந்து பூஜையறை வரை அரிசி மாவில் கண்ணன் பாதம் போடுகிறோம். மடக்கிய கையை மாவில் தோய்த்துப் பதித்தால், நடுவில் ஒடுங்கிய அழகான பாதம் வந்துவிடும். ஆனால் வீட்டிலிருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் காலை நனைத்து, சிமெண்ட் தரையில் நிற்க வைத்துப் பாருங்கள். குதிகால் முதல் விரல் வரை முழுப் பாதமும் பதியும். உட்பக்கத்து வளைவைக் காணவே முடியாது. "பிள்ளைக்குத் தட்டைப் பாதமாமே, தனியாக ஷூ வாங்க வேண்டுமா?" என்று கவலைப்படும் பெற்றோர் பலர். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நோயே அல்ல; வளர்ச்சியின் ஒரு கட்டம்.

காரணம் எளிது. சின்னக் குழந்தையின் உள்ளங்காலில் கொழுப்பு திண்டுபோல நிறைந்திருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இளக்கமாக இருக்கும். வளைவின் உச்சியில் இருக்கும் படகு வடிவச் சிற்றெலும்பு, பல குழந்தைகளுக்கு மூன்று வயதை ஒட்டித்தான் குருத்து நிலையிலிருந்து எலும்பாகத் தொடங்குகிறது. நடந்து, ஓடி, குதித்து, தசைகள் உரம்பெற்று, பத்து வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு வளைவு படிப்படியாக உருவாகிவிடும்.

ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையுள்ள 835 குழந்தைகளைச் சோதித்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மூன்று வயதில் 54 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். ஆறு வயதில் அது 24 சதவீதம்தான். உண்மையான கோளாறு இருந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. சரியான எடையுள்ள குழந்தைகளில் 42 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். எடை கூடியவர்களில் 51. உடல் பருமன் உள்ளவர்களில் 62.

குண்டான குழந்தையின் காலில் கொழுப்பு அதிகம், அதனால்தான் தட்டையாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளின் பாதங்களை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்து பார்த்தார்கள். உள்ளங்கால் கொழுப்பின் தடிமனில் வித்தியாசம் இல்லை. எடை கூடிய பிள்ளைகளுக்கு வளைவின் உயரமே குறைந்திருந்தது. கெட்டிப்படாத எலும்பும் இளகிய நாரும் சுமக்க வேண்டிய பாரம் கூடுகிறது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

காலணிக்கும் இதில் பங்கு உண்டு. கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இருவர், 4 முதல் 13 வயதுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்து, 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கே. விரல்களை மூடும் ஷூ அணிந்த பிள்ளைகளிடம்தான் அது அதிகம் தென்பட்டது. வளைவை வரவழைப்பதாக விற்கப்படும் சிறப்பு ஷூக்களும் கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் மூன்று ஆண்டுகள் அவற்றை அணியவைத்துப் பார்த்தும், சாதாரண ஷூ அணிந்த பிள்ளைகளைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். அலமாரி மேல்தட்டில் ஒரு பொம்மையை வைத்து, எட்டி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும்போது உள்ளங்காலில் குழி விழுந்தால், கவலைப்பட வேண்டாம். அப்போதும் குழி விழாமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, வலி இருந்தாலோ, ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ, குழந்தை நொண்டி நடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பெற்றோரே, கொழுகொழுவென்று இருப்பதுதான் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை விடுங்கள். அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம். அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ எடையையும் உயரத்தையும் தவறாமல் பார்த்துக் குறித்து வையுங்கள். பாக்கெட் தீனியையும் இனிப்புப் பானங்களையும் குறையுங்கள். சுத்தமான, பத்திரமான இடத்தில் வெறுங்காலோடு ஓடியாட விடுங்கள். சிறப்பு ஷூவுக்கு ஒதுக்கும் பணத்தைப் பழத்துக்கும் பயறுக்கும் செலவிடுங்கள்.