எண்ணெய் வடிக்கும் வால்வு



தில்லியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கு மேல். மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600. விடுமுறை நாட்களில் இத்தொலைவைச் சொந்த மோட்டார் வண்டியிலேயே கடந்து ஊர் செல்லும் குடும்பங்கள் வெளிமாநிலத் தமிழரிடையே இன்று பல. புறப்படும் முன் எஞ்சின் எண்ணெயை மாற்றிக்கொள்வது அவர்களுள் விவரமறிந்தோர் வழக்கம். அவ்வேலையைத் தாமே செய்துகொள்ள விரும்புவோரும் உளர். செலவு ஒரு காரணம். ஊற்றப்படுவது நாம் வாங்கிய எண்ணெய்தானா என்னும் ஐயம் மற்றொரு காரணம். மொழியும் ஒரு காரணமாதல் கூடும். நம் ஊர்ப் பட்டறையில் 'ஆயில்' என்றால் போதும். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் பட்டறைக்காரர் பலர் எந்த நிறுவனத்தின் எஞ்சின் எண்ணெயையும் 'மோபில்' என்றே சொல்வர். புதிதாகச் சென்றவர், அஃது ஒரு நிறுவனத்தின் சரக்கு என்று கருதி, தமக்கு வேண்டாமென மறுத்தலும் உண்டு!

இவ்வாறு தாமே எண்ணெய் மாற்றுவோர் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள போல்ட்டை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு சிறு வால்வைப் பொருத்திக்கொள்ளலாமா என்பதே அது. வண்டி செய்த நிறுவனத்தார் கொடுப்பதன்று. வெளிக்கடையில் தனியே வாங்குவது. இதனை இன்று ஆராய்வோம்.

எஞ்சினின் அடிப்பாகத்தில் எண்ணெய் தங்கும் தொட்டியை நூல்கள் 'சம்ப்' என்னும். நம் பட்டறைகளில் 'சேம்பர்' என்பர். சிறிய கார்களில் இதில் ஏறக்குறைய 3 முதல் 4 லிட்டர் எண்ணெய் கொள்ளும். தொட்டியின் தாழ்ந்த இடத்தில் ஒரு துளையும், அதனை அடைக்கும் போல்ட்டும் இருக்கும். ஹோண்டா, ஹியுண்டாய் வண்டிகள் பலவற்றில் அப்போல்ட்டின் விட்டம் 14 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், டொயோட்டா வண்டிகள் பலவற்றில் விட்டம் 12, இடைவெளி 1.25. இவ்வளவு சிறிய உறுப்பைப் பற்றி இத்துணைப் பேச்சு எதற்கு எனலாம். எஞ்சினின் உயிரைக் காப்பது அதுவே என்பதுதான் விடை. எண்ணெய் முழுதும் ஒழுகிய பின் எஞ்சின் சில நிமிடங்கள் ஓடினாலே கிராங்க் தண்டின் தாங்கிகள் உராய்ந்து, சூடேறி, இறுகிவிடும். பிறகு செலவு ஆயிரக்கணக்கில் நிற்பதில்லை, இலட்சத்தை எட்டும்.

பழைய முறையிலும் தீங்கு இல்லாமல் இல்லை. பல வண்டிகளின் தொட்டி இன்று அலுமினியத்தால் ஆனது, போல்ட்டோ எஃகு. நீண்ட ஸ்பேனரைக் கொண்டு வலிமை காட்டி முடுக்கும் இளைஞர் ஒருவர் கையில் இரண்டு மூன்று முறை அகப்பட்டால், தொட்டியின் மரை அழிந்துபோகும். பிறகு துளையைப் பெரிதாக்கி உள்ளே கம்பிச் சுருள் மரை பொருத்த வேண்டும். இல்லையேல் தொட்டியையே மாற்ற வேண்டும். இதனைத் தவிர்க்கும் வழியாகவே வால்வை நாம் முதலில் மதிக்கிறோம். ஒரு முறை பொருத்திவிட்டால், தொட்டியின் மரையை மீண்டும் தொட வேண்டுவதில்லை.

அதன் அமைப்பு எளிது. பித்தளை உடல், அதனுள் குறுக்கே துளையிட்ட ஒரு குண்டு, வெளியே ஒரு சிறு கைப்பிடி. ஜப்பானிய நாட்டு ஃபுமோட்டோ வால்வு இவ்வகையில் பலரும் அறிந்தது. வில்லின் அழுத்தத்துக்கு எதிராகக் கைப்பிடியை அதன் காடியிலிருந்து தூக்கி, பின்னரே கால் வட்டம் திருப்ப வேண்டும். அப்பொழுதுதான் குண்டின் துளை நேராகி எண்ணெய் இறங்கும். வண்டியின் அதிர்ச்சியால் மட்டும் அது திறந்துகொள்ளாது. கைப்பிடி தற்செயலாக நகராதபடி மேலும் ஒரு பூட்டுக் கவ்வியும் கிடைக்கிறது. ஜெர்மனியின் ஸ்டால்பஸ் வகை வேறு விதமானது: வில் அழுத்தத்தால் மூடிக் கிடக்கும் வால்வின் மேல் ஒரு மூடி உண்டு, மூடியைக் கழற்றிக் குழாயைத் திருகினால்தான் வழி திறக்கும். வாய்ப்பகுதியில் குழாய் மாட்டும் வசதியுள்ள வால்வைக் கொண்டால், கொதிக்கும் எண்ணெய் முழங்கை வழியே ஓடும் துன்பம் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரையும் கறைபடாது.

இனிக் குறைகளைக் கூறுவோம். வால்வின் உட்துளை போல்ட்டுத் துளையை விடக் குறுகியது. ஆதலால் எண்ணெய் மெல்லவே வடியும். அதன் மரைப்பகுதி தொட்டியின் உள்ளே சிறிது நீண்டிருப்பின், அடியில் ஒரு மெல்லிய படலம் எண்ணெய் தங்கிவிடும். அளவில் அது சிறிது. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை என்பது நம் கருத்து. போல்ட்டின் முனையில் காந்தம் இருந்த வண்டிகளில், இரும்புத் துகளைப் பிடிக்கும் அவ்வசதி போய்விடும்.

பெருங்குறை வேறு. வால்வு போல்ட்டை விடக் கீழே நீண்டு நிற்கிறது. நம் நாட்டில் வேகத்தடை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் விதி வகுத்தது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அவ்வண்ணம் அமைந்த தடையில் வண்டி மெதுவாக ஏறி இறங்கும். நாம் கடக்கும் தடைகளில் எத்தனை அவ்விதிக்கு அடங்கியவை என்பதை நேயர்களே அறிவர். ஐவர் அமர்ந்து, பின்னால் அரிசி மூட்டையும் பெட்டிகளும் ஏற்றிய சிறு கார், கூரான ஒரு தடையை உரசிச் செல்லும்பொழுது, தாழ்ந்து நிற்கும் பித்தளை உறுப்பு முதலில் அடிபடலாம். அது முறிந்தால் எண்ணெய் எல்லாம் சாலையில். செந்நிற எண்ணெய் விளக்கு எரிந்தவுடன் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணலாகாது. பெரும்பாலான வண்டிகளில் அவ்விளக்கு எண்ணெயின் அளவையன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்பொழுதே காலம் கடந்திருக்கலாம்.

ஆகவே நம் தீர்ப்பு வண்டிக்கு வண்டி மாறும். தரையிலிருந்து உயர்ந்த உடலும், அடியில் கவசத் தகடும் உள்ள வண்டியில், தகட்டுக்கு மேலேயே வால்வு மறைந்து நிற்குமாயின் தாராளமாகப் பொருத்தலாம். தாழ்ந்த கார்களில், அதுவும் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ மட்டுமே எண்ணெய் மாற்றுவோர்க்கு, பழைய போல்ட்டே மேல். புதிய வாஷரும் அளவான முடுக்கமும் போதும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியிலும் வேண்டா. வெளிப்பொருளால் ஒழுகிற்று என்று கூறி நிறுவனத்தார் பொறுப்பைக் கைகழுவ இடமாகும். வால்வுக்கு ஐயமின்றி உகந்த இடம் ஒன்று உண்டு. குடியிருப்புகளில் மின்தடைக்கென வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டரே அது. அது நகர்வதுமில்லை, தடையேறுவதுமில்லை.

பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. அளவும் மரை இடைவெளியும் கைநூலோடு ஒத்திருக்க வேண்டும். கையாலேயே பல சுற்றுத் தடையின்றிச் செல்லாத மரையை ஸ்பேனரால் வற்புறுத்தலாகாது. பித்தளை எஃகினும் மெல்லியது. செய்தவர் குறித்த முடுக்கத்தை மிஞ்சக் கூடாது. கைப்பிடி திரும்ப இடம் உண்டா என்று முன்னரே பார்த்துக்கொள்க. வண்டியைத் தூக்கும்பொழுது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைதல் உயிருக்கு உலை. தாங்குகால்கள் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுக்க வேண்டும். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, நிறுத்திச் சற்றே ஆறவிட்டு வடித்தால் எண்ணெய் நன்றாக இறங்கும். வால்வு வடிப்பதற்கு மட்டுமே உதவும். ஃபில்டரைத் தனியே மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைப் பொருத்தினால் எண்ணெய் பீறிடும். வால்வை மூடிக் கைப்பிடி காடியில் விழுந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே புதிய எண்ணெயை ஊற்றுக. கைநூல் சொல்லும் தரத்தையே வாங்குக, பி.எஸ். 6 டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் தேவைப்படுவதால், பழைய டீசல் வண்டியில் மீந்ததை அதில் ஊற்றலாகாது. காலி டப்பாவின் சீட்டைக் கிழித்தெறிவது நலம். போலி எண்ணெய் அடைப்போர் அத்தகைய டப்பாக்களைத் தேடுவர்.

வடித்த கருநிற எண்ணெயை என் செய்வது? சாக்கடையில் கொட்டுவோர் பலர். அச்சாக்கடை யமுனையிலோ மித்தியிலோ கலக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், ஒரு காலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், பழைய எண்ணெய் பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது. ஒரு காரின் ஒரு முறைக் கழிவு அது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது தீங்குதரும் கழிவு. 2023-இல் வந்த திருத்தம், 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் விற்கும் நிறுவனங்களுக்கே அதனை மீட்டுச் சுத்திகரிக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. ஆதலின், புதிய எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை வடித்து அடைத்து, பெட்ரோலோ பிரேக் எண்ணெயோ கூலண்டோ அதில் கலவாமல், பதிவுபெற்ற சுத்திகரிப்பாளரிடம் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுக. செங்கற் சூளைக்கு விலைபேசி வாங்க வருவோரிடம் கொடுக்க வேண்டா.