காலை நாலு மணிக்கு உங்க புல்தரையில என்ன நடக்குது?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் தொகுக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோட்ல, வீடு வாங்கினதுக்கு அப்புறம் சத்தமில்லாம வர்ற செலவுகளைப் பத்திப் பேசினோம். நடுவுல ஒரு வரி சொல்லிட்டுப் போனேன், "ஸ்பிரிங்க்ளரை வருஷத்துக்கு ஒரு தடவை விஷயம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க"ன்னு. அதுக்குத்தான் அதிகமா கேள்வி வந்திருக்கு. புல்லுக்குத் தண்ணி விடுற குழாய்க்கு எதுக்குங்க செக்கப்? நியாயமான கேள்வி. இன்னைக்கு முழுக்க அதுதான்.

நான் இருக்கிறது டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர்ல. அதனால சொல்றதெல்லாம் டெக்ஸஸ் கணக்கு. சென்னையில இருந்து கேக்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம்: இங்கே தனி வீடுன்னா முன்னாடியும் பின்னாடியும் புல்தரை இருக்கும். மண்ணுக்குள்ள ஒரு அடிக்கும் குறைவான ஆழத்துல பிளாஸ்டிக் குழாய் ஓடும். தோட்டத்தை அஞ்சாறு பகுதியா பிரிச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஜோன்னு பேர், ஒவ்வொரு ஜோனுக்கும் ஒரு மின்சார வால்வு. கராஜ்ல ஒரு கன்ட்ரோலர் பெட்டி. அதுல நேரம் வெச்சுட்டா, அந்த நேரத்துக்கு வால்வு திறக்கும், புல்லுக்கு நடுவுல இருந்து சின்னச் சின்ன தலைகள் எழும்பித் தெளிச்சிட்டு மறுபடி உள்ள போயிடும். தெளிக்கிறது குடிக்கிற அதே தண்ணி. அந்த வருத்தத்தை இன்னொரு நாள் பேசலாம்.

இதுல முக்கியமான விஷயம் நேரம். வெயில்லயும் காத்துலயும் தண்ணி வீணாகக் கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாடி ஓட விடுவோம். பல ஊர்ல பகல்ல ஓட விடவே கூடாதுன்னு விதியும் இருக்கு. அதாவது, வீட்டுலயே அதிகமா தண்ணி குடிக்கிற மெஷின் நாம தூங்கும்போது ஓடுது. ஃபிரிட்ஜ் கெட்டா அன்னைக்கே தெரியும். ஏசி கெட்டா ஒரு மணி நேரத்துல தெரியும். ஸ்பிரிங்க்ளர் கெட்டா பில் வரும்போதுதான் தெரியும். பாதிப் பேருக்கு அப்பவும் தெரியாது.

எனக்குத் தெரியல. நாங்க இந்த வீட்டுக்கு வந்தது ஒரு மார்ச் மாசம். ஆகஸ்ட் தண்ணி பில் ஜூன் பில்லைப் போல ரெண்டு மடங்கு வந்துச்சு. என் மனைவி ஒண்ணும் சொல்லல, அதை ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் வெச்சு ஒட்டிட்டாங்க. 40 டிகிரி வெயில்ல தண்ணி கூடத்தானே செலவாகும்னு நான் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்த நேரம் பாத்துக் கதவைத் தட்டின ஒருத்தர், பத்து நிமிஷம் சுத்தி நடந்துட்டு, "சிஸ்டம் பழசு, மொத்தத்தையும் மாத்தணும்"னு நாலாயிரம் டாலருக்கு ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். ஒரு ஜோனைக்கூட ஓட விட்டுப் பாக்கல. அதுதான் எனக்கு உறுத்துச்சு.

ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற அண்ணா ஒருத்தர், லைசென்ஸ் உள்ள இர்ரிகேட்டர் ஒருத்தரோட நம்பர் கொடுத்தார். வயசானவர், தொப்பி, கையில ஒரு கட்டு சின்னக் கொடி. வந்தவர் தோட்டத்துப் பக்கமே போகல. நேரா ரோட்டோரத்துல இருக்கிற தண்ணி மீட்டருக்குப் போனார். வீட்டுல எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். மீட்டர் முகத்துல சின்னதா ஒரு முக்கோணம் இருக்கும், ஒரு சொட்டு தண்ணி போனாலும் அது சுத்தும். சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஸ்பிரிங்க்ளருக்குன்னு தனியா இருக்கிற அடைப்பு வால்வை மூடினார். முக்கோணம் நின்னுடுச்சு. வீட்டுக்குள்ள ஒழுகல், தோட்டத்துல ஒழுகுது, அதுவும் ஸ்பிரிங்க்ளர் ஓடாத நேரத்துல. இவ்வளவையும் கண்டுபிடிக்க அவருக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜோனா பட்டப்பகல்ல ஓட விட்டு நின்னு பாத்தார். பிரச்சினை இருக்கிற இடத்துல எல்லாம் ஒரு கொடி நட்டார். என் தோட்டம் ஏதோ கட்சி மாநாட்டுத் திடல் மாதிரி ஆயிடுச்சு.

முதல் ஜோன்ல தண்ணி பனிமூட்டம் மாதிரி பறந்துச்சு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மூட்டம் புல்லுல விழல, காத்தோட போகுது. காரணம் அழுத்தம். அவர் கேஜ் வெச்சு அளந்தப்போ 70 பிஎஸ்ஐ. டயருக்குக் காத்து அடிக்கும்போது பாக்கிறோமே, அதே அளவுதான். ஸ்ப்ரே தலைக்குத் தேவை 30. அழுத்தம் அதிகமானா துளி உடைஞ்சு புகையாயிடும். இதைக் கண்ணால பாத்து ஓரளவு ஊகிக்கலாம், ஆனா எவ்வளவுன்னு தெரிய கேஜ் வேணும்.

ரெண்டாவது ஜோன் இன்னும் சுவாரஸ்யம். வேலி ஓரமா ஒரு இடத்துல புல்லு பழுத்துக் கிடந்தது, அதுக்காக நானே அந்த ஜோனோட நேரத்தை 10 நிமிஷத்துல இருந்து 20 ஆக்கியிருந்தேன். அவர் பாத்துட்டுச் சிரிச்சார். ஒரே ஜோன்ல ரெண்டு விதமான தலை. ஸ்ப்ரேன்னு ஒண்ணு, நின்ன இடத்துல விசிறி மாதிரி தெளிக்கும். ரோட்டார்னு இன்னொண்ணு, மெதுவா சுத்திச் சுத்தி தூரமா அடிக்கும். ஸ்ப்ரே ஒரு மணி நேரத்துல சுமார் ஒன்றரை அங்குல மழைக்குச் சமமா தண்ணி கொடுக்கும். ரோட்டார் சுமார் அரை அங்குலம்தான். ரெண்டும் ஒரே வால்வுல இருந்தா ஒரு பக்கம் மூணு மடங்கு தண்ணி. காஞ்ச பக்கத்தைப் பாத்து நான் நேரத்தைக் கூட்ட, இன்னொரு பக்கம் வெள்ளத்துல மிதந்திருக்கு. பழைய வீட்டுக்காரங்க உடைஞ்ச தலைக்குப் பதிலா கடையில கையில கிடைச்சதை வாங்கி மாட்டியிருக்காங்க. தப்பு அவங்களோடது, பில்லைக் கூட்டினது நான்.

ஒழுகல் அஞ்சாவது ஜோன்ல. வால்வுக்குள்ள ரப்பர் டயஃப்ரம் ஒண்ணு இருக்கும். அதுக்கு அடியில ஒரு சின்னக் கல். அதனால வால்வு முழுசா மூடல, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி கசியுது, தாழ்வான இடத்துல இருந்த தலை வழியா வெளியே வருது. அந்த இடம் எப்பவும் பச்சைப் பசேல்னு இருக்கும், நான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன். இங்கே ஒரு நுணுக்கம் சொன்னார். ஸ்பிரிங்க்ளர் நின்னதும் குழாய்ல மிச்சம் இருக்கிற தண்ணி கொஞ்ச நேரம் தாழ்வான தலை வழியா வடியும், அது வேற பிரச்சினை, அப்புறம் நின்னுடும். மறுநாளும் ஈரமா இருந்தாதான் வால்வைச் சந்தேகப்படணும்.

சின்னக் கசிவுதானேன்னு நினைப்பீங்க. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ, வாட்டர்சென்ஸ்னு ஒரு திட்டம் நடத்துது. அவங்க கணக்குப்படி ஸ்பிரிங்க்ளர் குழாய்ல 1/32 அங்குல ஓட்டை ஒண்ணு இருந்தா மாசத்துக்கு சுமார் 6,300 கேலன் வீணாகும். கிட்டத்தட்ட 24,000 லிட்டர். சென்னையில 12,000 லிட்டர் தண்ணி லாரிக்கு புக் பண்ணிட்டு பால்கனியில காத்திருந்த ஆளு நான். அந்த மாதிரி ரெண்டு லாரி, மாசா மாசம், என் புல்லுக்கு அடியில.

கடைசியா கன்ட்ரோலரைத் திறந்தார். மழை சென்சார் கூரை விளிம்புல சரியாத்தான் இருக்கு, ஆனா பெட்டியில அதுக்கான சுவிட்ச் "பைபாஸ்"ல கிடக்கு. அதாவது மழை கொட்டும்போதும் என் ஸ்பிரிங்க்ளர் கடமை தவறாம ஓடியிருக்கு. டெக்ஸஸ்ல 2009ல இருந்து புதுசா போடுற தானியங்கி சிஸ்டத்துல மழை வந்தா நிறுத்துற ஏற்பாடு கட்டாயம். கட்டாயம்னு சட்டம் சொல்லும், சுவிட்சைச் சரியா வைக்கிறது நம்ம வேலை.

ஒன்றரை மணி நேரம். செக்கப்புக்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல, ரிப்பேருக்குத் தனியா. நாலாயிரம் எங்க, இது எங்க.

காசு மட்டும்தான் விஷயம்னா இத்தோட எபிசோடை முடிச்சிடுவேன். இங்கே பல ஊர்ல கழிவுநீர் கட்டணத்தை எப்படிப் போடுறாங்க தெரியுமா? குளிர்கால மாசங்கள்ல நீங்க எவ்வளவு தண்ணி பயன்படுத்தினீங்களோ, அதோட சராசரியை எடுத்து அடுத்த வருஷம் முழுக்க அதே கணக்குல வாங்குவாங்க. குளிர்காலத்துல யாரும் தோட்டத்துக்கு அதிகம் விடமாட்டாங்க, அதனால அதுதான் வீட்டுக்குள்ள செலவாகுற தண்ணின்னு அனுமானம். அந்த நேரம் பாத்து உங்க வால்வு கசிஞ்சா, சாக்கடைக்கே போகாத தண்ணிக்கு வருஷம் பூரா சாக்கடைக் கட்டணம் கட்டுவீங்க.

அடுத்தது மண்ணு. டாலஸ் பக்கம் பல இடத்துல கரிசல் மண். நம்ம கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் இருக்கிற மாதிரியேதான், ஈரம் பட்டா உப்பும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும். அதுக்கு மேல ஒரே கான்கிரீட் பலகையா வீடு உக்காந்திருக்கு. ஒரு மூலையில மட்டும் ஒழுகி ஒழுகி மண்ணு உப்பினா, பலகையோட அந்த மூலை மட்டும் தூக்கும். கதவு சரியா மூடாது, சுவர்ல ஜன்னல் மூலையில இருந்து சாய்வா விரிசல் போகும். அஸ்திவார ரிப்பேர் இங்கே தனித் தொழிலாவே நடக்குது, ஆயிரக்கணக்குல டாலர். எங்க வீட்டுல அந்த அஞ்சாவது ஜோன் படுக்கையறைச் சுவரை ஒட்டித்தான் இருந்துச்சு. விரிசல் இல்ல. அதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சோம்னு இர்ரிகேட்டர் சொன்னார். நம்பிட்டேன்.

மூணாவது விஷயத்தை யாருமே யோசிக்கிறதில்ல. தோட்டத்துக் குழாயும் சமையலறைக் குழாயும் ஒரே லைன்ல இருந்துதான் பிரியுது. தெருவுல மெயின் குழாய் உடைஞ்சாலோ, தீயணைப்பு வண்டி தண்ணி எடுத்தாலோ அழுத்தம் திடீர்னு விழும். அப்போ தண்ணி பின்னோக்கி உறிஞ்சப்படலாம். ஸ்பிரிங்க்ளர் தலை எங்க உக்காந்திருக்கு? உரம், பூச்சிமருந்து, நாய் போனது எல்லாம் கலந்த சேத்துல. அது குடிதண்ணிக்குள்ள வராம தடுக்க, பேக்ஃப்ளோ தடுப்பான்னு ஒண்ணு, பச்சை மூடி போட்ட பெட்டிக்குள்ள மண்ணுல புதைஞ்சிருக்கும். அதுக்குள்ள இருக்கிறது ஸ்பிரிங்கும் ரப்பரும்தான், காலப்போக்குல தேயும். வேலை செய்யுதான்னு வெளியே இருந்து பாத்துச் சொல்லவே முடியாது. அதுக்குன்னு தனி லைசென்ஸ் வாங்கின டெஸ்டர், அளவுமானி வெச்சு சோதிக்கணும். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஊருக்கு ஊர் விதி வேற, உங்க ஊர் தண்ணி அலுவலகத்துல கேளுங்க. கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா விதிக்காகக் காத்திருக்காதீங்க.

இப்போ நேர்மையா ஒண்ணு சொல்லணும். அவர் பண்ணினதுல பாதியை நாமளே பண்ணலாம். முக்கோணத்தைப் பாக்கலாம். மாசத்துக்கு ஒரு தடவை சாயங்காலம் ஒவ்வொரு ஜோனையும் ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, தலை சாஞ்சிருக்கா, தண்ணி ரோட்டுல அடிக்குதான்னு பாக்கலாம். காலி ட்யூனா டப்பா நாலஞ்சை புல்லுல பரப்பி வெச்சு 15 நிமிஷம் ஓட விட்டா, எந்த டப்பாவுல எவ்வளவு நிக்குதுங்கிறதே எல்லாத்தையும் சொல்லிடும். உடைஞ்ச தலையை மாத்துறதும் பெரிய வித்தை இல்ல, சொந்த வீட்டுல நீங்களே செய்ய டெக்ஸஸ்ல லைசென்ஸ் தேவையில்ல. ஆனா அழுத்தம், வால்வு, பேக்ஃப்ளோ, எந்த ஜோனுக்கு எத்தனை நிமிஷம்ங்கிற கணக்கு, இதுக்கெல்லாம் ஆள் வேணும். கரிசல் மண்ணு தண்ணியை மெதுவாத்தான் குடிக்கும். ஒரேயடியா 15 நிமிஷம் விட்டா பாதி ரோட்டுக்குப் போயிடும். அஞ்சஞ்சு நிமிஷமா மூணு தடவை, நடுவுல இடைவெளி விட்டு விடணும்னு எனக்கு அவர்தான் செட் பண்ணிக் கொடுத்தார்.

ஆளை எப்படிப் பிடிக்கிறது? டெக்ஸஸ்ல மாநில அரசோட டிசிஇக்யூ லைசென்ஸ் கொடுக்குது, அவங்க இணையதளத்துல பேரைப் போட்டுத் தேடலாம். புல்லு வெட்ட வர்றவர் "இதையும் பாத்துடறேன்"னு சொன்னா அன்பா மறுத்துடுங்க. வர்றவர் எல்லா ஜோனையும் ஓட விட்டுப் பாப்பாரா, அழுத்தம் அளப்பாரா, எழுதிக் கொடுப்பாரான்னு போன்லயே கேளுங்க. அதுக்கும் முன்னாடி உங்க நகராட்சியைக் கேளுங்க. ஆஸ்டின்லயும் சான் அன்டோனியோவிலயும் தண்ணி வாரியமே இலவசமா வந்து பாக்குற திட்டம் இருக்கு. விக்க எதுவும் இல்லாத ஆள் வந்து பாக்குறது தனி நிம்மதி.

மார்ச், ஏப்ரல் சரியான நேரம். ஜூன்ல கூப்பிட்டா மூணு வாரம் கழிச்சு வருவாங்க. 2021 பிப்ரவரி குளிரை மறந்திருக்க மாட்டீங்க, டாலஸ் விமான நிலையத்துல மைனஸ் 2 ஃபாரன்ஹீட் வரைக்கும் போச்சு. அந்த மாதிரி உறைபனி வந்து போன வருஷம்னா, செக்கப் பண்ணாம கன்ட்ரோலரை ஆன் பண்ணவே பண்ணாதீங்க. குழாய்ல வெடிப்பு இருந்தா முதல் ஓட்டத்துலதான் தெரியும். நீங்க தூங்கிக்கிட்டிருப்பீங்க.

சரி, இந்த வார வேலை. மீட்டர் மூடியைத் திறங்க, வீட்டுல எல்லாத்தையும் மூடிட்டு முக்கோணத்தை வீடியோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. எத்தனை பேர் வீட்டுல சுத்துதுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். திறக்கும்போது மட்டும் கையை நேரா உள்ள விடாதீங்க, ஒரு ஸ்க்ரூடிரைவரால நெம்பித் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்க பெட்டிக்குள்ள ஒரு பிளாக் விடோ சிலந்தி குடும்பம் நடத்திக்கிட்டிருந்துச்சு.