35 பேருக்கு மேல் வந்தால் 'ஹெரே'

இன்னைக்கு நாம பேசப்போற சொல் 'ஹெரே'. பழைய ஆங்கிலத்தில் இதற்குப் 'படை' என்று அர்த்தம். எழுத்தில் பார்த்தால், 'இங்கே' என்று பொருள் தரும் இன்றைய 'ஹியர்' மாதிரியே இருக்கும். ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

படைக்கு அவங்ககிட்ட இன்னொரு சொல்லும் இருந்தது: 'ஃபிர்ட்'. பயணம் போவதைக் குறிக்கும் வினையோடு உறவுள்ள சொல் இது. அரசன் அழைத்ததும் கிளம்பிப் போகிற உள்ளூர்ப் படை.

அப்போ ஹெரே யாரு? 'ஆங்கிலோ-சாக்சன் குரோனிக்கிள்' என்ற ஆண்டுக்குறிப்பைப் பாருங்க. 865-இல் கடல் தாண்டி வந்து இறங்கின வைக்கிங் படையை அது 'ஹெரே' என்கிறது. பின்னாடி அவங்களை எதிர்த்து நின்ற ஆல்ஃபிரட் அரசனின் படை பெரும்பாலும் 'ஃபிர்ட்'தான்.

ஏன் இந்த வித்தியாசம்? 688-இல் வெசெக்ஸ் நாட்டின் அரசனான இனேவின் சட்டம் ஒரு துப்பு கொடுக்குது. 7 பேர் வரை வந்தால் திருடர்கள். 7 முதல் 35 வரை என்றால் கொள்ளைக் கும்பல். அதுக்கு மேல போனா ஹெரே! கவனிச்சீங்களா? திருடனும் படையும் ஒரே வரிசையில நிக்கிறாங்க. தலைக்கணக்கு மட்டும்தான் மாறுது.

இதை வைத்து, வைக்கிங் படைகளே சின்னவைதான்னு முடிவு கட்டிடக் கூடாது. சட்டம் பேசுவது குற்றத்தின் அளவைப் பற்றி. அதுவும் 865-க்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்தைய சட்டம்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. 'ஆர்மி' நிலைத்தது, 'ஹெரே' வழக்கொழிந்தது. ஆனாலும் தடயம் இருக்கு. சூறையாடுவதைக் குறிக்கும் 'ஹாரி' என்ற வினை இதன் வழி வந்தது. 'ஹெரிஃபோர்டு' என்ற ஊர்ப்பெயருக்குப் படை கடக்கும் ஆற்றுத்துறை என்று பொருள். 'ஹார்பர்' கூட முதலில் படை தங்கும் இடம். அப்புறம் யாரும் தங்கும் இடம். கடைசியில் கப்பல் தங்கும் துறைமுகம்.

அதனால, அந்த ஆண்டுக்குறிப்பைத் தமிழில் கொண்டுவர நினைக்கிறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க. இரண்டு சொல்லையும் வெறும் 'படை' என்று எழுதிவிட்டால், யார் வீட்டு வாசலில் நின்று அதை எழுதினாங்க என்பது தெரியாமலே போயிடும்.