சிக்காகோ நகரமும் குடியேறிய மக்களும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிக்காகோ என்னும் நகரின் பெயர் நம்மனோர்க்குப் புதியதன்று. 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையில் பேசிய ஊர் அதுவே. அவரை அங்கு அனுப்புதற்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய அன்பர்கள் பொருள் திரட்டினர் என்பதையும் அறிவோம். ஆயினும், அச்சபை கூடிய மண்டபத்திற்குச் சில மைல் தொலைவில் வாழ்ந்த ஏழை ஜனங்கள் எங்கிருந்து வந்தனர், என்ன தொழில் செய்தனர், எத்தகைய நீரைப் பருகினர் என்பவற்றை நாம் ஆராய்ந்தோமில்லை. அவற்றையே இன்று தங்கள் முன் எடுத்துரைக்க விழைகின்றேன்.

அயல்நாட்டு நகரொன்றின் வரலாற்றைக் குலச் சங்கத்தில் பேசுதற்குக் காரணம் யாதெனச் சிலர் வினவலாம். தம்மவரோடு தம்மவர் கூடிச் சங்கம் அமைத்து வாழ்வதன் பயனையும், அப்பயனுக்குள்ள எல்லையையும் ஒருங்கே காட்டும் வரலாறு அது என்பதே என் விடை.

1840-ஆம் ஆண்டில் சிக்காகோவில் இருந்தோர் 5,000 பேருக்கும் குறைவு. 1870-ல் அத்தொகை ஏறக்குறைய 3 லட்சமாயிற்று. மறு ஆண்டு அக்டோபரில் மூண்ட பெருந்தீ நகரின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கி, 300 பேர் வரையில் உயிர் கவர்ந்து, சுமார் ஒரு லட்சம் பேரை வீடற்றவராக்கியது. ஆயினும் நகர் தளரவில்லை. 1880-ல் 5 லட்சம், 1890-ல் 11 லட்சம், 1900-ல் 17 லட்சம் என ஜனத்தொகை ஏறிற்று. மேற்கே பரந்த சமவெளிகளின் கோதுமையும் கால்நடையும், வடக்கேயுள்ள காடுகளின் மரமும், சுப்பீரியர் ஏரிப் பக்கத்து இரும்புத் தாதும் வந்து கூடுமிடத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் அந்நகர் அமைந்திருந்தது. நாட்டின் இருப்புப்பாதைகள் பல அங்கே சந்தித்தன. இருப்பிடமும் இருப்புப்பாதையுமே அதன் செல்வத்திற்கு வித்து.

1865-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் அங்கே பெரியதொரு கால்நடைச் சந்தை திறக்கப்பெற்றது. அதனைச் சூழ்ந்து இறைச்சிச் சாலைகள் எழுந்தன. புலால் மறுத்தோர் பொறுத்தருள்க. தொழில் முறையை விளக்கவே இதனைக் கூறுகின்றேன். வெட்டப்பெற்ற விலங்கின் உடல் மேலே தொங்கியபடி நகர்ந்து வரும். வரிசையாக நின்ற தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரே வெட்டையே நாள் முழுதும் வெட்டுவர். கைதேர்ந்த கசாப்புக்காரன் ஒருவன் செய்த வேலை இவ்வாறு பல கூறுகளாயிற்று. ஆகவே, தொழில் பழகாதவனும் மொழி அறியாதவனும் ஊருக்கு வந்த சின்னாளிலேயே அவ்வரிசையில் நிற்கக்கூடியவனாயினான். வேலை எளிதிற் கிடைத்தது. எளிதிற் போகவும் செய்தது. ஏனெனில், அவனுக்குப் பதிலாக நிற்க நூறு பேர் வாயிலில் காத்திருந்தனர். பனிக்கட்டி இட்ட ரயில் வண்டிகள் பெருகியபின் அவ்விறைச்சி கிழக்குக் கடற்கரை நகரங்கள் வரையிற் சென்றது. 1900-ல் அங்கு உழைத்தோர் சுமார் 25,000 பேர்.

அவ்வரிசையில் நின்றோர் யாவர்? 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திற்குப்பின் திரளாக வந்த ஐரிஷ்காரரும், ஜெர்மானியரும் முன்னையோர். 1880-க்குப்பின் போலந்தியரும், பொஹீமியரும், லிதுவேனியரும், இத்தாலியரும், ருஷ்யாவிற் கலகங்களுக்கு அஞ்சி ஓடிய யூதரும் வந்தனர். 1890-ல் அந்நகர மக்களுள் பதின்மரில் நால்வர் அயல்நாட்டிற் பிறந்தோர். அன்னார் பெற்ற மக்களையும் சேர்த்தெண்ணின், பதின்மரில் எழுவர்க்கு மேலாவர். ஆயினும் அமெரிக்காவின் வாயில் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. மேற்கே இருப்புப்பாதை அமைக்க உயிர் கொடுத்து உழைத்த சீனத் தொழிலாளர் இனி வரலாகாதென 1882-ல் சட்டம் செய்தனர். அத்தடை 1943 வரை நீங்கவில்லை.

மொழியும் உறவுமற்ற அந்நகரில் வந்திறங்கியோர் முதலில் நாடியது தம்மவரையே. ஓர் ஊரார் ஒரே தெருவிற் குடியேறினர், கோயில் கட்டினர், பள்ளி வைத்தனர், தம் மொழியிற் பத்திரிகை நடத்தினர். மாதந்தோறும் சிறுதொகை செலுத்தி, நோயுற்றவனுக்கு உதவியும், இறந்தவனுக்கு ஈமச்செலவும், விதவைக்குப் பொருளும் அளிக்கும் சங்கங்களை நிறுவினர். 1880-ல் தோன்றிய போலந்து தேசிய ஐக்கிய சங்கம் சிக்காகோவையே தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. பொஹீமியர் 1877-ல் தமக்கெனத் தனி இடுகாடே அமைத்துக்கொண்டனர். சேமிப்பு நிதி கூட்டி, ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, மரவீடுகளும் கட்டினர். பல துளி பெருவெள்ளம் என்னும் நம் பழமொழியை அவர்கள் அறியார், அதன்படி நடந்தனர். அச்சங்கங்கள் இல்லையேல் எத்தனை குடும்பங்கள் தெருவில் நின்றிருக்குமென எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், சகோதரர்களே, சங்கத்தால் இயலாதவையும் இருந்தன. நகரின் கழிவுநீர் ஆற்றில் விழுந்தது; ஆறு ஏரியில் விழுந்தது; குடிநீரையோ அவ்வேரியிலிருந்தே எடுத்தனர். 1891-ஆம் ஆண்டில் மட்டும் டைபாய்டு என்னும் விஷ சுரத்தால் அந்நகரில் ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர். போலந்தியர் சங்கம் போலந்தியனைப் புதைக்கலாம்; ஐரிஷார் சங்கம் ஐரிஷ்காரனைப் புதைக்கலாம். இருவரையும் கொன்ற நீரை எச்சங்கம் திருத்தும்?

குப்பையும் அத்தன்மையதே. 1889-ல் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தம் தோழி எல்லன் ஸ்டாருடன் ஹால்ஸ்டெட் வீதியில், ஏழை மக்களிடையே, ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். சந்துகளில் வைத்த மரப்பெட்டிகளிற் குப்பை நிரம்பி வழிந்தது. குழந்தைகள் அவற்றின்மீதே விளையாடின. தம் கிராமத்தில் வீட்டுக் குப்பையை வெளியே கொட்டினால் வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளுமென வளர்ந்த பெண்களுக்கு, நெருங்கிய நகரில் அதே பழக்கம் குழந்தையின் உயிரைக் குடிக்குமென எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அவ்வில்லத்து மாதர் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் சந்து சந்தாகச் சென்று பார்த்து, ஆகஸ்டு, செப்டம்பர் என்னும் இரண்டே மாதங்களில் 1,037 குறைகளைச் சுகாதார இலாகாவிற்கு எழுதினர். 1895-ல் ஆடம்ஸ் அம்மையாரே அவ்வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளராக நியமனம் பெற்று, விடியலில் எழுந்து வண்டிகளின் பின்னே சென்றார். ஒரு குறுந்தெருவில் 18 அங்குலக் குப்பையை வெட்டியெடுத்த பின்னரே கீழே கல் பாவிய தளம் இருந்தது தெரிந்தது! பெண்ணொருத்தி குப்பை வண்டியின் பின் செல்வதா என்று அயல்நாட்டிலிருந்து வந்த மாதரே முகஞ்சுளித்தனர். நோயாளியைப் பேணுதல் பெண்ணுக்குத் தகுமெனின் நோயைத் தடுத்தலும் தகும் என்பது அவர் கொண்ட கருத்து. இத்தகைய தொண்டு செய்தவருக்கே 1931-ல் நோபெல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது.

உழைப்பின் நிலையும் பொதுவானதே. 1886-ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்டு மணி வேலை வேண்டிப் பல்லாயிரவர் கிளர்ந்தனர். மே 4-ஆம் தேதி ஹேமார்க்கெட் சதுக்கத்தில் யாரோ எறிந்த குண்டால் காவலர் மாண்டனர். காவலர் சுட்டதில் மக்களும் மாண்டனர். எறிந்தவன் இன்னான் எனத் தெளியாமலே எண்மர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டு, நால்வர் 1887-ல் தூக்கிலிடப்பட்டனர். எண்மருள் ஐவர் ஜெர்மனியிற் பிறந்தோர். அதனால் அயல்நாட்டார்மீது வெறுப்பு பரவிற்று. 1893-ல் மாகாண கவர்னராயிருந்த ஆல்ட்கெல்டு, எஞ்சிச் சிறையிலிருந்த மூவரை விசாரணை நேர்மையற்றதெனக் கூறி விடுவித்தார். அவரும் ஜெர்மனியிற் பிறந்தவரே. எனினும் தம்மவர் என்பதை அவர் காரணமாக்கவில்லை, நீதியையே காரணமாக்கினார். அவ்வாண்டிலேயே, 14 வயதிற்குட்பட்ட சிறுவர் தொழிற்சாலையில் வேலை செய்யலாகாது, பெண்களுக்கு எட்டு மணிக்கு மேல் வேலை கூடாது என்று சட்டம் பிறந்தது. அதற்காகப் போராடிய புளோரென்ஸ் கெல்லி அம்மையாரையே தலைமை மேற்பார்வையாளராக்கினார். பெண்களைப் பற்றிய எட்டு மணி விதியை 1895-ல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. சிறுவரைக் காக்கும் தடை நிலைத்தது.

நீரின் கதையை முடித்துவிடுகின்றேன். 1892 முதல் 28 மைல் நீளமுள்ள கால்வாயொன்றை வெட்டி, 1900-ஆம் ஆண்டு ஜனவரியில், ஏரியை நோக்கி ஓடிய ஆற்றை எதிர்த்திசையில் ஓடச் செய்தனர். வியத்தகு வேலைதான். விஷ சுரமும் காலப்போக்கில் தணிந்தது. ஆனால் அக்கழிவுநீர் எங்கே சென்றது? மிசிசிபி ஆற்றின் வழியே செயிண்ட் லூயி நகரத்தார் பக்கம் சென்றது. அவர்கள் சார்பில் மிசூரி மாகாணம் வழக்குத் தொடுத்தது. தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என 1906-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. தம் தெருவளவில் நின்ற எண்ணத்தை நகரளவிற்கு விரித்தவர்களும், அடுத்த ஊர் என்றவுடன் அங்கே நிறுத்திக்கொண்டனர்!

இதனால் நாம் பெறும் பாடம் யாது? தம்மவர் சங்கம் வீண் என்று நான் கூறவில்லை. அங்ஙனம் கூறுவேனாயின் இங்கு வந்து நில்லேன். அந்நகரிற் சங்கமே ஏழையின் முதற்கூரை. ஆனால் கூரை வேறு, ஊர் வேறு. நம் கல்வி நிதியால் நம் பிள்ளை படிக்கிறான்; அவன் நடக்கும் தெருவும், குடிக்கும் நீரும், நாளை நிற்கப்போகும் தொழிற்சாலையும் எல்லோர்க்கும் பொதுவானவை. அடுத்த தெருவிற் சாக்கடை தேங்கினால் அது யாருடைய தெரு என்று கொசு கேட்பதில்லை. ஆதலின், இச்சங்கத்தின் உறுதியைக்கொண்டே அயலாரோடும் கைகோத்து நிற்போமாக. நம் வாயிற்படியிலிருந்து தள்ளிய அழுக்கு எவர் வாயிற்படியிற் சேர்கின்றது என்பதையும் நோக்குவோமாக.