தெஸ்பாயே என்னும் பெயர்

கனடா நாட்டின் ரொறன்ரோ மாநகரிலே, ஸ்காபறோ என்னும் பகுதியில் வளர்ந்த பாடகர் ஒருவர் இன்று உலகப் புகழ் பெற்று விளங்குகின்றார். மேடையிலே 'வீக்கென்ட்' என்று அறியப்பட்ட இவர் 1990ஆம் ஆண்டிற் பிறந்தவர். இவருடைய முழுப் பெயர் ஏபல் மக்கோனன் தெஸ்பாயே என்பதாகும். பெற்றோர் எதியோப்பியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். கனேடியப் பதிவேடுகளைப் பார்ப்போர் இவரைத் தெஸ்பாயே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவரென்றே கொள்வர். ஆனால், எதியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவிலே தெஸ்பாயே என்றொரு குடும்பத்தைத் தேடிச் செல்வோர் வெறுங்கையுடனேயே திரும்ப நேரும். அந்நாட்டு முறைப்படி இப்பெயரை வாசித்தால், ஏபல் என்பது அவர் பெயர். மக்கோனன் தந்தையின் பெயர். தெஸ்பாயே பாட்டனாரின் பெயர். ஒரு மனிதரின் சொந்தப் பெயர் பிற நாடுகளிலே ஒரு குடும்பத்தின் பெயராக மாறியது எவ்வாறு, அது எங்கெங்கே பரவிற்று, அவ்வாறு பரவியபோது அதற்கு நேர்ந்தது யாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

முதலிலே பெயரின் பொருளை நோக்குவோம். அம்ஹாரிக் மொழியில் 'தெஸ்பா' என்பது நம்பிக்கை, அதாவது வருங்காலத்தின்மீது மனிதன் வைக்கின்ற நம்பிக்கை. கிறிஸ்தவ ஆலயங்களில் இன்றும் ஓதப்படும் பழைய மொழியாகிய கீயெஸ் மொழியிலிருந்து வந்த சொல் இது. ஈற்றிலே நிற்கும் 'யே' என்பதற்கு 'என்னுடைய' என்று பொருள். ஆகவே தெஸ்பாயே என்றால் 'என் நம்பிக்கை'. தமிழிலே இப்பெயர் நான்கெழுத்தாக நிற்பது போலவே எதியோப்பிய எழுத்திலும் நான்கெழுத்தாகவே நிற்கின்றது. அவ்வெழுத்து முறையிலும் மெய்யும் உயிரும் கூடி ஒரே வடிவம் பெறுகின்றன.

எதியோப்பியப் பெயர்களுட் பல, குழந்தையின் முகத்தைக் கண்டவுடன் பெற்றோர் வாயிலிருந்து பிறந்த சொற்களேயாம். பெக்கெலே என்றால் 'முளைத்தான்'. அபெபே என்றால் 'பூத்தான்'. திருநெஷ் என்றால் 'நீ நல்லவள்'. துயரத்தின் சுவடு பதிந்த பெயர்களும் உண்டு. காசாகுன் என்பதற்கு 'ஈடாக இருப்பாயாக' என்று பொருள். மஸ்ரெஷா என்பதற்கு 'மறக்கச் செய்வது' என்று பொருள். முன்னே ஒரு குழந்தையையோ நெருங்கிய உறவினரையோ பறிகொடுத்த வீட்டிற் பிறக்கும் பிள்ளைக்கு இடப்படும் பெயர்கள் இவை. இத்தகைய பெயர் ஒரு பிறப்புக்கும் ஒரு மனிதருக்கும் மாத்திரமே உரியது. ஒரு தாய் தன் மகனை நோக்கி 'என் நம்பிக்கை' என்றாள் எனின், அச்சொல் அவனோடு நிற்பது. அவனுடைய பேரனுக்கு வேறொரு தாய், வேறொரு வேளையில், வேறொரு சொல்லைச் சொல்லுவாள்.

இதனாலேயே எதியோப்பியாவிற் குடும்பப் பெயர் என்பதொன்றில்லை. ஒருவர் தம் பெயரைச் சொல்லி, அதன் பின் தந்தையின் பெயரைச் சொல்லுவார். மேலும் வேண்டுமாயின் பாட்டனாரின் பெயரையுஞ் சேர்ப்பார். கிறிஸ்தவர், முஸ்லிம்கள் என்னும் வேறுபாடின்றி இதுவே வழக்கு. மரியாதைச் சொல்லும் சொந்தப் பெயருடனேயே சேரும். 'திரு' என்பதற்கு நேரான 'அத்தோ', 'திருமதி' என்பதற்கு நேரான 'வெய்சரோ' ஆகியவற்றைத் தந்தையின் பெயருக்கு முன்னே வைத்து அழைத்தால், எதிரில் நிற்பவரை விட்டு அவருடைய தந்தையை அழைத்ததாகவே முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2017ஆம் ஆண்டில் ஏற்ற தெட்ரோஸ் அதனோம் கெப்ரெயேசுஸ் என்பவரை அந்நிறுவனத்தார் 'டாக்டர் தெட்ரோஸ்' என்றே குறிப்பிடுவதன் காரணமும் இதுவே.

ஓட்டப் பந்தயச் செய்திகளை ஊன்றிக் கேட்போர் இம்முறையை எளிதில் விளங்கிக்கொள்வர். திருநெஷ் டிபாபா, எஜெகாயெஹு டிபாபா, கென்செபே டிபாபா என்னும் மூவரும் உடன்பிறந்த சகோதரிகள். டிபாபா அவர்களுடைய தந்தையின் பெயர். 1992ஆம் ஆண்டில் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் வென்ற டெரார்ட்டு துலு இச்சகோதரிகளின் நெருங்கிய உறவினர். எனினும் தந்தை வேறாதலின் பெயரில் அவ்வுறவின் அடையாளமேயில்லை. திருநெஷ் 2008ஆம் ஆண்டில் மற்றொரு புகழ்பெற்ற ஓட்ட வீரராகிய சிலெஷி சிஹினேயை மணந்தார். மணந்த பின்னரும் அவர் டிபாபாவே. எதியோப்பியப் பெண், மணம் முடித்ததற்காகத் தன் தந்தையின் பெயரைக் கைவிடுவதில்லை. இவ்விடயத்தில் அந்நாட்டார், மேனாட்டாரைக் காட்டிலும் ஒருபடி முன்னிற்கின்றனர் என்றே சொல்லல் வேண்டும்.

குடும்பப் பெயர் இல்லையாயின் வம்சம் மறந்து போகாதோ என்று சிலர் ஐயுறலாம். எதியோப்பியாவின் மலைநாட்டுக் கிறிஸ்தவரிடையே, ஏழு தலைமுறைக்குள் உறவுடையோர் மணஞ் செய்தலாகாது என்பது பழைய வழக்கு. ஆதலின் முன்னோர் எழுவரின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருத்தல் அவசியமாயிற்று. பத்திரத்தில் இல்லாத வம்சாவளி நினைவில் இருந்தது. ஒரு பெயர் இறுக நின்று காத்த குடும்பமன்று, பல பெயர்கள் சங்கிலியாகக் கோத்து நின்ற குடும்பம்.

இச்சங்கிலியைச் சட்டத்தால் மாற்றும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. பிரெஞ்சுச் சட்ட அறிஞராகிய ரெனே தாவீத் வரைந்த 1960ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவை, ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று விதித்தது. விதி ஏட்டிலே நின்றது. மக்கள் தம் வழக்கிலேயே நின்றனர்.

சட்டத்தால் ஆகாததை எல்லைகள் செய்து முடித்தன. 1974ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் பேரரசர் ஹெயிலி செலாசி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இராணுவக் குழுவின் ஆட்சி வந்தது. 1977, 1978ஆம் ஆண்டுகளிலே 'செம்பயங்கரம்' என்று பெயர் பெற்ற கொடுமையில் இளைஞரும் மாணவரும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். 1984, 1985ஆம் ஆண்டுகளிலே பெரும் பஞ்சம் வந்தது. அதற்கு முன்னர் எதியோப்பியர் வெளிநாடு சென்றது பெரும்பாலும் படிப்பதற்கே. படித்தோர் ஊர் திரும்பினர். இப்பொழுதோ மக்கள் நடந்தே எல்லை கடந்து சூடானை அடைந்தனர். அங்கிருந்து, 1980ஆம் ஆண்டின் அகதிச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவுக்கும், பின்னர் கனடா, சுவீடன், ஜேர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கும் சென்றனர். பின்னாளில் அமெரிக்கா குலுக்கல் முறையில் வழங்கிய குடிவரவு அனுமதியும் மேலும் பலரை ஈர்த்தது. வாஷிங்டன் நகரும் அதனைச் சூழ்ந்த மேரிலாந்து, வெர்ஜீனியாப் பகுதிகளும் எதியோப்பியர் பெருகி வாழும் இடங்களாயின. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு வீதிப் பகுதிக்கு 2002ஆம் ஆண்டில் 'சிற்றெதியோப்பியா' என்றே பெயரிட்டனர்.

இஸ்ரேலுக்குச் சென்றோரின் கதை தனிப்பட்டது. 1991ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதியும் 25ஆந் திகதியும், முப்பத்தாறு மணி நேரத்துள், பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட எதியோப்பிய யூதர் விமானங்களில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவ்வாரத்தில் எதியோப்பியாவின் பதில் ஜனாதிபதியாக இருந்தவர் தெஸ்பாயே கெப்ரெ கிடான். பிரதமர் தெஸ்பாயே டிங்கா. அயல்நாட்டார் ஒருவர் இருவரையும் உறவினரென்று மயங்கியிருந்தால் வியப்பில்லை. உண்மையில், இரு வேறு தாய்மார் தத்தம் மகனை 'என் நம்பிக்கை' என்றழைத்தனர், அவ்வளவே. இஸ்ரேலிற் குடியேறிய எதியோப்பியர் பலருக்கு உத்தியோகத்தர் எபிரேயப் பெயர்களை இட்டனர். பிறந்த நாட்டுப் பெயர்கள், தந்தையுடையதோ பாட்டனாருடையதோ, குடும்பப் பெயர் என்னும் கட்டத்திற்கு நகர்ந்தன.

வளைகுடா நாடுகளுக்கும் லெபனானுக்கும் வேலை தேடிச் சென்ற எதியோப்பியர், சிறப்பாகப் பெண்கள், மிகப் பலர். எனினும் அங்கே தெஸ்பாயே என்னும் குடும்பங்கள் தோன்றவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்புபவருடைய பெயர் கடவுச்சீட்டோடு வந்து கடவுச்சீட்டோடு போய்விடும். ஒரு பெயர் குடும்பப் பெயராவதற்கு அந்நாட்டில் ஒரு குழந்தை பிறந்து பதிவாதல் வேண்டும்.

பெயரின் எழுத்துங்கூடச் சரித்திரத்தைக் காட்டும். எரித்திரியாவிலும் வட எதியோப்பியாவிலும் வழங்கும் திக்ரிஞா மொழியிலே இதே பெயர் 'தெஸ்பாய்' என்று ஒலிக்கும். 1890ஆம் ஆண்டு முதல் 1941ஆம் ஆண்டு வரை இத்தாலியரின் குடியேற்ற நாடாக இருந்தது எரித்திரியா. ஆதலின் அங்கிருந்து வந்தோர் பலர் இத்தாலிய முறையைத் தழுவி, உரோம எழுத்தில் 'ஐ' என்னும் எழுத்தைக் கொண்டு பெயரை முடிப்பர். அடிஸ் அபாபாவிலிருந்து வந்தோர் 'வை', 'ஈ' என்னும் இரண்டையும் எழுதி முடிப்பர். அயல்நாட்டுப் பதிவேட்டிலே ஈரெழுத்துக்களை நோக்கி, இவர் எப்பகுதியினர் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

இனி, எல்லையிலே நிகழ்வதைச் சற்று நெருங்கி நோக்குவோம். விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். தெஸ்பாயேயின் மகன் பெக்கெலே. ஆகவே பெக்கெலே தெஸ்பாயே. மனைவி அல்மாஸ் ஹைலே. அடிஸ் அபாபாவிற் பிறந்த மூத்த மகள் ஹீருத் பெக்கெலே. இம்மூவரும் கனடாவில் வந்து இறங்குகின்றனர். குடிவரவுப் பத்திரத்தில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் உண்டு. அதனை வெறுமையாக விடுதல் இயலாது. தந்தை தெஸ்பாயே ஆகின்றார், தாய் ஹைலே ஆகின்றார், மகள் பெக்கெலே ஆகின்றாள். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்! விமான நிலையத்திலும் பாடசாலையிலும், இப்பிள்ளை உங்களுடையது தானா என்ற கேள்விக்கு விடை சொல்லவும் பத்திரங் காட்டவும் அவர்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பின்பு ரொறன்ரோவில் ஒரு மகன் பிறக்கின்றான். கனேடிய வழக்கப்படி தந்தையின் 'குடும்பப் பெயர்' அவனைச் சேர, தாவீத் தெஸ்பாயே என்று பதிவாகின்றது. அக்காள் பெக்கெலே, தம்பி தெஸ்பாயே. பாடசாலை இடாப்பிலே ஒருவர் பெயர் முன்னும் மற்றவர் பெயர் பின்னுமாக, அந்நியர்போல் இருவரும் நிற்பர். இருவரில் ஊர் வழக்கத்திற்கு ஒத்த பெயருடையவள் மூத்தவளே.

இலங்கைத் தமிழருக்கு இது முற்றிலும் புதிய கதையன்று. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரை எழுதும் வழக்கமுடைய தமிழர், 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெருந்தொகையாகக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றபோது இதே கட்டத்தின் முன் நின்றனர். சிலர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கினர். சிலருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகி மனைவி மக்களைச் சேர, முதற்பெயர்க் கட்டத்தில் நின்ற தந்தையின் பெயராலே அலுவலகத்தார் அவரை அழைக்கலாயினர். எதியோப்பியரும் தமிழரும் அயலவராய் வாழும் ஸ்காபறோவிலே இவ்விரு கதைகளும் அடுத்தடுத்த வீடுகளில் நடந்தன எனலாம். ஒரு வேறுபாடு உண்டு: தமிழ்ப் பெண் மணமான பின் கணவன் பெயரைச் சேர்த்துக்கொள்ளுதல் பெருவழக்கு, எதியோப்பியப் பெண்ணோ முன் சொன்னவாறு தந்தையின் பெயரோடேயே நின்றுவிடுகிறாள்.

குழப்பத்தைத் தவிர்க்க எதியோப்பியப் பெற்றோர் பலர் ஒரு வழி கண்டனர். அயல்நாட்டிற் பிறந்த பிள்ளையின் பெயருக்கு நடுவிலே தந்தையின் பெயரை வைத்தனர். முதலிற் சொன்ன பாடகரின் பெயரில் மக்கோனன் இருக்குமிடம் அதுவே. அப்பெயரைக் கனேடியர் 'நடுப்பெயர்' என்று எண்ணிச் சுருக்கிவிடலாம். எதியோப்பியருக்கோ அதுவே இரண்டாவதாகச் சொல்லவேண்டிய தலையாய பெயர்.

அடுத்த தலைமுறையில் இவ்வழியும் அடைபடுகின்றது. கற்பித்த குடும்பத்திற்கே மீண்டும் வருவோம். தாவீதுக்கு ஒரு மகள் பிறந்து, அவளுக்கு மார்த்தா என்று பெயரிடுகின்றனர் என்று கொள்வோம். அடிஸ் அபாபாவில் அவள் மார்த்தா தாவீத் பெக்கெலே என்றிருப்பாள். கொள்ளுப்பாட்டனாரான தெஸ்பாயே பத்திரத்தைவிட்டு நீங்கி, முதியோர் எண்ணிச் சொல்லும் எழுவரின் வரிசைக்குப் போயிருப்பார். ரொறன்ரோவிலே அவள் மார்த்தா தெஸ்பாயே. ஊரைவிட்டு ஒருபொழுதும் புறப்படாத கொள்ளுப்பாட்டனாரின் பெயர், அவருடைய தாய் இட்ட அந்தச் செல்லச் சொல், கனடாவிலே பாடசாலை இடாப்பிலும் வங்கிக் கணக்கிலும் வீட்டு வாசலிலும் எழுதப்பட்டிருக்கும். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து வந்த பெக்கெலேயின் பெயர் அவள் பெயரில் எவ்விடத்திலும் இராது.