மாமரத் துண்டில் கறுப்புக் கோடு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பூஞ்சை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் படரும் கறுப்பு, ஊறுகாய் ஜாடியில் மேலாகப் படியும் வெள்ளை. எனக்கும் அப்படித்தான். நம் வளாகத்தில் சாய்ந்த மாமரத்தை அறுத்துப் பின்பக்கம் போட்டிருக்கிறோம். துண்டுகளில் கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்து, "கெட்டுப் போச்சு, விறகுக்குக் கொடுத்துவிடலாம்" என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. நானும் கை தூக்கினேன். அதன் பிறகு படித்ததைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

பல நிற மரங்களை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒட்டிப் படமாக்கும் கலை 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஓங்கியிருந்தது. இன்டார்சியா என்று பெயர். பழுப்பு, மஞ்சள், கறுப்பு எல்லாம் மரத்திலேயே கிடைக்கும். பச்சைக்கு எங்கே போவது? குபியோ என்ற ஊரின் அரண்மனைக்காகச் செய்த படிப்பறை ஒன்று இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பச்சைத் துண்டுகளை ஆராய்ந்தார்கள். அது பூசிய சாயம் இல்லை. குளோரோசிபோரியா என்ற பூஞ்சை ஏறிய மரம். 500 ஆண்டுகளுக்கு மேலாகியும் பச்சை தெரிகிறது. இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊர்க்காரர்களும் மரப்பெட்டிகளில் சித்திரம் பதிக்க இதே பச்சை ஓக் மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள்.

காட்டில் விழுந்து ஈரமாகக் கிடக்கும் கிளைக்குள் இந்தப் பூஞ்சை மிக மெதுவாகப் பரவுகிறது. அது உண்டாக்கும் நீலப்பச்சை நிறமிக்கு சைலிண்டீன் என்று பெயர். நிறம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிடுவதால், மேலாக இழைத்தாலும் போகாது.

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செரி ராபின்சன் என்ற பேராசிரியர், இந்த நிறமியைத் தனியே பிரித்தெடுத்துச் சாயமாக்க முனைந்தார். வேறு இரண்டு பூஞ்சைகளிலிருந்து சிவப்பும் மஞ்சளும் எடுத்தார்கள். படிகாரம் போன்ற பிடிமானப் பொருள் சேர்க்காமலே துணியிலும் ஏறியது. ஆனால் இந்த நிறமிகள் தண்ணீரில் எளிதில் கரையாது. டைக்ளோரோமீத்தேன் போன்ற நச்சுக் கரைப்பான் தேவைப்பட்டது. ஆகவே யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

இனி நம் மாமரத்துக்கு வருவோம். ஒரே கட்டையில் இரண்டு பூஞ்சைகள் சந்தித்தால், ஒன்றின் இடத்துக்குள் மற்றது நுழையாதபடி கறுப்பு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளும். காம்பவுண்டுச் சுவர் மாதிரி. கோடு இருப்பதாலேயே மரம் மக்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்படிக் கோடு விழுந்த மாமரத்தில் கிண்ணமும் தட்டும் கடைந்து விற்கிறார்கள். அதே சமயம், ஈரத்தோடு அப்படியே விட்டால் மக்கத்தான் செய்யும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளராது. எனவே காயவைப்பதில்தான் காரியம் இருக்கிறது.

வங்கியில் ஒரு கடனை வாராக் கடன் என்று எழுதித் தள்ளும் முன் அடமானத்தை ஒருமுறை நேரில் பார்ப்போம். அதேபோல் இந்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் வாருங்கள். ஒவ்வொரு துண்டையும் நகத்தால் அழுத்திப் பார்ப்போம். பஞ்சு போல அமுங்குவது விறகுக்கு. மாவாகத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. அதுவும் உடனே போகட்டும். கெட்டியானதைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நிழலில், காற்றாடக் காயவிடுவோம். அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

நன்றாகக் காய்ந்ததும் தச்சரை அழைத்துக் காட்டுவோம். அந்த மரத்தடியில் நம் பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள். அதில் ஒரு பெஞ்சுப் பலகையாவது தேறாதா? போன முறை தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறேன். விறகுத் தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.